ஆறு நாள் பட்டினியில் 5 கிலோ குறைகிறது... அதில் கொழுப்பு எவ்வளவு?

கந்த சஷ்டி தொடங்கினால் திருச்செந்தூர் கோயில் வளாகத்தில் பாய், தலையணையோடு வந்து தங்குபவர்களைப் பார்க்கலாம். ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும் வரை விரதம். எல்லோருடைய விரதமும் ஒன்றல்ல. ஒருவேளை மட்டும் சாப்பிடுபவர்கள் உண்டு. பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. இளநீர் மட்டும், மிளகும் தண்ணீரும் மட்டும், வெறும் தண்ணீர் மட்டும் என்று கடுமை கூடிக்கொண்டே போகும்.

கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத இன்னொரு கூட்டமும் இப்போது பல நாள் பட்டினி இருக்கிறது. 'வாட்டர் ஃபாஸ்டிங்' என்று பெயர். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் வெறும் தண்ணீர், கொஞ்சம் உப்பு, பால் சேர்க்காத கட்டங்காப்பி. "அஞ்சே நாள்ல அஞ்சு கிலோ போச்சு", "72 மணி நேரம் தாண்டுனா உடம்பே புதுசாயிடும்" என்று சொல்லும் வீடியோக்களுக்கு யூடியூபில் பஞ்சமில்லை. ஜிம்முக்குப் போகும் மகன் அதைப் பார்க்கிறார். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மா அதையே வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "நான் சஷ்டிக்கு எப்பவும் இருக்கறதுதானே, இந்தத் தடவை தண்ணி மட்டும் குடிச்சு இருந்துபாக்கறேன்" என்கிறார்.

பட்டினி கிடந்தால் எடை குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எது குறைகிறது, குறைந்தது எத்தனை நாள் நிற்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதில்தான் வீடியோக்கள் சொல்வதற்கும் ஆய்வுகள் சொல்வதற்கும் இடைவெளி இருக்கிறது.

முதல் நாள் முதல் ஆறாம் நாள் வரை

75 கிலோ எடையுள்ள, வேறு நோய் எதுவும் இல்லாத, 40 வயது அலுவலக ஊழியர் ஒருவர் ஞாயிறு இரவு 8 மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு விரதம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

இரவு முழுக்க எதுவும் மாறாது. தூங்கும்போது எல்லோரும் இருக்கும் பட்டினிதான் அது. இட்லியில் இருந்து வந்த குளுக்கோஸ் தீர்ந்ததும் கல்லீரல் தன்னிடம் உள்ள கிளைக்கோஜன் என்ற சேமிப்பை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். தசைகளில் அதைப்போல நான்கு மடங்கு இருந்தாலும், தசை அதைத் தன் செலவுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்கு நேரடியாகக் கொடுக்காது.

திங்கள் இரவுக்குள் கல்லீரல் சேமிப்பு பெரும்பாலும் காலி. இங்கேதான் உடம்புக்கு ஒரு நெருக்கடி. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு மூட்டை மூட்டையாக இருந்தாலும், கொழுப்பு அமிலங்களை மூளையால் நேரடியாக எரிக்க முடியாது. எனவே கல்லீரல் புரதத்தை உடைத்து அதிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. அந்தப் புரதம் வருவது பெரும்பாலும் தசையில் இருந்து. இன்னொரு பக்கம், கொழுப்பில் இருந்து 'கீட்டோன்' என்ற மாற்று எரிபொருளையும் கல்லீரல் தயாரிக்கத் தொடங்குகிறது.

செவ்வாய், புதன் இரண்டும்தான் பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டமான நாட்கள். தலைவலி (காபி குடித்துப் பழகியவர்களுக்கு இது இரட்டிப்பு), எரிச்சல், கை கால் சில்லிடுதல், படுக்கையில் இருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுதல். வாயில் ஒரு விநோத வாடை வரும். கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் வெளியேறுவதால் வருவது அது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்திலும் அசிட்டோன் இருப்பதால், மோந்து பார்த்தவர்களுக்கு அந்த வாடை பழக்கமானதுதான்.

வியாழக்கிழமை வாக்கில் பலரும் சொல்வது ஒன்றேதான்: "பசியே எடுக்கலை." இதைச் சிலர் தெய்வச் செயல் என்பார்கள், சிலர் டீடாக்ஸ் என்பார்கள். கீட்டோன் அளவு உயர்ந்து மூளை அதை எரிக்கப் பழகிவிடுவதோடு தொடர்புடையது இது. 1960களில் ஹார்வர்டில் ஜார்ஜ் காஹில் குழுவினர் வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களை மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார்கள். சில வாரங்கள் கடந்தால் மூளையின் எரிபொருள் தேவையில் பெரும் பங்கைக் கீட்டோனே நிறைவேற்றிவிடுகிறது. மூளையின் குளுக்கோஸ் தேவை குறைவதால் தசை கரைவதும் குறைகிறது. முதல் நாட்களில் சுமார் 75 கிராம் வரை போகும் தினசரிப் புரத இழப்பு, சில வாரங்களில் 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மனித இனம் பஞ்சங்களைத் தாண்டி வந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. தசை அதிகம் கரைவது முதல் வாரத்தில். மூன்று முதல் ஏழு நாள் விரதம் இருப்பவர் சரியாக அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். உடம்பு சிக்கனத்துக்குப் பழகுவதற்குள் விரதம் முடிந்துவிடுகிறது.

தராசு சொல்லும் 5 கிலோ

சனிக்கிழமை அவர் தராசில் ஏறினால் 70 அல்லது 71 காட்டலாம். ஐந்து கிலோ போயிருக்கிறது. எங்கே போனது?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நம் அலுவலக ஊழியர் ஒரு நாளைக்கு 1,900 கலோரி செலவழிக்கிறார் என்று கொண்டால் ஆறு நாளைக்கு 11,400 கலோரி. அதில் கிளைக்கோஜனும் புரதமும் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். மீதி முழுவதும் கொழுப்பிலிருந்து வந்தாலும், கரைந்த கொழுப்பு ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கடையில் விற்கும் எந்தப் பொடியாலும், எந்த மந்திரத்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஒரு நாள் முழுப் பட்டினி இருந்தாலும் சராசரி உடம்பால் கால் கிலோ கொழுப்புக்கு மேல் எரிக்க முடியாது.

மீதி நான்கு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் தீரும்போது அந்தத் தண்ணீரும் கழன்றுவிடும். இதுவே ஒன்றரை, இரண்டு கிலோ. சாப்பாடு நின்று இன்சுலின் அளவு இறங்கியதும் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளத் தொடங்கும், உப்போடு தண்ணீரும் போகும். முதல் இரண்டு நாள் அடிக்கடி சிறுநீர் போவது இதனால்தான். பிறகு குடலில் இருந்த உணவுச் சக்கையின் எடை. கடைசியாக, தசை. ஒரு நாளைக்கு 75 கிராம் புரதம் என்பதைத் தசையாகக் கணக்கிட்டால் 300 கிராமுக்கும் மேல் வரும்.

சோறு சாப்பிடத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கிளைக்கோஜனும் உப்பும் தண்ணீரும் திரும்பி வரும். எடையும் இரண்டு மூன்று கிலோ திரும்பும். "கஷ்டப்பட்டுக் குறைச்சேன், ரெண்டே நாள்ல ஏறிடுச்சு" என்று புலம்புபவர்கள் உண்மையில் எதையும் இழக்கவில்லை. அது முதலிலேயே கொழுப்பு இல்லை.

இந்த விஷயத்தை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று 2024இல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வந்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகமும் நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியும் சேர்ந்து நடத்தியது. ஆரோக்கியமான 12 பேர் ஏழு நாட்கள் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். சராசரியாக 5.7 கிலோ குறைந்தார்கள். அதில் கொழுப்பும் இருந்தது, கொழுப்பில்லாத எடையும் இருந்தது. மீண்டும் சாப்பிடத் தொடங்கிய மூன்றே நாளில் கொழுப்பில்லாத எடை ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிட்டது. கரைந்த கொழுப்பு திரும்பவில்லை. விரதத்தை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இந்த ஆய்வில் ஆளுக்குப் பாதி கிடைக்கும். கொழுப்பு நிஜமாகவே குறைந்தது, தராசு காட்டியதைவிட மிகக் குறைவாக.

தசை விஷயம் இந்தியர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையானது. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியர் பலருக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. இருக்கும் தசையே குறைவாக உள்ள ஒருவர், ஆண்டுக்கு நான்கைந்து முறை ஒரு வாரம் பட்டினி கிடந்து, இடையில் உடற்பயிற்சியும் இல்லாமல், புரதமும் போதாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் கரைந்த தசை முழுதாகத் திரும்பும் என்று நம்புவதற்கு இடமில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த இழப்பு மாடிப்படி ஏறும்போது தெரியும்.

'72 மணி நேரத்தில் உடம்பு புதுசாகும்' என்பது எங்கிருந்து வந்தது?

இந்தப் பேச்சுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, 'ஆட்டோஃபேஜி'. செல்கள் தம்முள் பழுதான பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் வேலை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது இது நடக்கும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. விரதம் இருந்தால் மனிதர்களுக்கு நல்லது என்று நிரூபித்ததற்காக அவருக்கு நோபல் கிடைத்ததாகச் சுற்றும் ஃபார்வர்டு செய்தி தவறு.

பட்டினி போட்ட எலிகளின் கல்லீரலில் ஆட்டோஃபேஜி கூடுவது உண்மை. எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது மனிதருக்குப் பல நாள் பட்டினிக்குச் சமம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் உடம்பு அவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது. மனிதரிடம் ஆட்டோஃபேஜியை அளப்பது லேசான வேலை அல்ல. ரத்தப் பரிசோதனையில் எளிதில் தெரியாது, திசுவை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் 'சரியாக 48 மணி நேரத்தில் தொடங்கும், 72இல் உச்சம் தொடும்' என்று கடிகாரம் போட்டுக் காட்டும் படங்களுக்கு மனித உடலில் அளந்த ஆதாரம் கிடையாது.

இரண்டாவது மூலம், 2014இல் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வால்டர் லாங்கோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மீண்டும் மீண்டும் பட்டினி போடப்பட்ட எலிகளில் ரத்த ஸ்டெம் செல்கள் தூண்டப்பட்டு நோய் எதிர்ப்பு செல்கள் புதுப்பிக்கப்பட்டன. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த மிகச் சில நோயாளிகளிடம் 72 மணி நேர விரதத்தையும் சோதித்தார்கள். இவை இரண்டும் சேர்ந்துதான் 'மூன்று நாள் விரதம் நோய் எதிர்ப்பு சக்தியை முழுக்கப் புதுப்பிக்கும்' என்ற தலைப்புச் செய்தி ஆனது. எலியைத் தலைப்பில் இருந்து தூக்கியவர்கள் யார் என்று தேடிப் பிரயோஜனமில்லை.

அப்படியானால் பலனே இல்லையா?

இருக்கிறது. ஜெர்மனியில் போடன் ஏரிக்கரையில் உள்ள புஹிங்கர் வில்ஹெல்மி விரத மருத்துவமனையில் 4 முதல் 21 நாள் வரை விரதம் இருந்த 1,422 பேரின் விவரம் 2019இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியானது. எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாமே குறைந்தன. பாதகமான விளைவுகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அது வெறும் தண்ணீர் விரதம் அல்ல, பழச்சாறு, காய்கறி சூப், தேன் என்று தினமும் 200 முதல் 250 கலோரி கொடுத்தார்கள், டாக்டரும் நர்ஸும் கூடவே இருந்தார்கள். ஆய்வை நடத்தியதும் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்க விரதம் இல்லாத இன்னொரு குழு கிடையாது.

ரத்த அழுத்தத்தில் இறக்கம் சில ஆய்வுகளில் பிரமிக்கத்தக்கது. அமெரிக்க விரத மையம் ஒன்றில் 174 பேர் 10, 11 நாட்கள் தண்ணீர் விரதம் இருந்தபோது சராசரியாக மேல் அளவு 37ம் கீழ் அளவு 13ம் குறைந்ததாக 2001இல் எழுதினார்கள். உப்பும் தண்ணீரும் அவ்வளவு வெளியேறினால் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். வீட்டுக்குப் போய் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட பிறகு ஆறு மாதம் கழித்து எவ்வளவு என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில், இலினாய் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டா வரடி குழுவினர் 2023இல் செய்த தொகுப்பாய்வில் இருக்கிறது. எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் விரதத்தில் 4 முதல் 6 சதவீதம் வரை எடை குறைந்தது. குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பில்லாத எடை. (இந்த அளவீட்டில் உடம்பின் தண்ணீரும் சேரும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கும் தசை என்று பயப்பட வேண்டியதில்லை.) ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றில் கிடைத்த முன்னேற்றம் சில மாதங்களில் காணாமல் போய்விட்டது, எடை முழுக்கத் திரும்பாதவர்களிடமும்கூட.

2025இல் வந்த இன்னோர் ஆய்வு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. மருத்துவக் கண்காணிப்பில் சராசரியாகப் பத்து நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விரதம் இருந்த 20 பேரிடம் உடலின் அழற்சியைக் காட்டும் புரதங்கள் கூடியிருந்தன. 'இன்ஃப்ளமேஷன் குறையும்' என்பதுதான் விரத வீடியோக்களின் முதல் வாக்குறுதி. இது உடம்பு தற்காலிகமாகச் சமாளிக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் அந்த 'இருக்கலாம்' மீது பந்தயம் கட்ட வேண்டாம்.

'மாத்திரை விரதத்துல சேராதுடா'

கடுமையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பசியில் இல்லை. மாத்திரை டப்பாவில் இருக்கிறது. விரத நாளில் பல வீடுகளில் நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும்.

"அம்மா, சாப்பிடலையே, மாத்திரை போட்டியா?"

"அதெல்லாம் காலையிலயே போட்டாச்சு. மாத்திரையும் தண்ணியும் விரதத்துல சேராதுடா."

சாஸ்திரப்படி அம்மா சொல்வது சரியாக இருக்கலாம். மாத்திரைக்கு அது தெரியாது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் பலர் சாப்பிடும் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். வயிறு காலியாக இருக்கும்போது ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே சரிந்து, வியர்த்து, நடுங்கி, குழறி, மயக்கம் வரலாம். இரவில் தூக்கத்தில் நடந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. டைப் 1 சர்க்கரை நோயாளிகளோ ஊசியை நிறுத்தவும் முடியாது, பட்டினியோடு போடவும் முடியாது. அவர்கள் பல நாள் விரதத்தின் பக்கமே போகக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளின் ஆபத்து வேறு மாதிரி. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் இவை இப்போது சர்க்கரைக்கும், இதயத்துக்கும், சிறுநீரகத்துக்கும் பரவலாக எழுதப்படுகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால் கீட்டோன்கள் அளவு மீறிப் பெருகி ரத்தம் அமிலமாகலாம். வீட்டு மீட்டரில் சர்க்கரை 150, 180 என்று சாதாரணமாகத் தெரியும். 'சுகர் நார்மலாத்தானே இருக்கு' என்று நம்பி, வாந்தியையும் மூச்சு வாங்குவதையும் விரதக் களைப்பு என்று எண்ணிவிடுவார்கள். உயிர் போகக்கூடிய நிலை அது.

பிரஷர் மாத்திரை, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே உப்பும் தண்ணீரும் குறைந்திருக்கும் உடம்பை மேலும் வறளவிட்டு, குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. கீட்டோனும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுவதால், கௌட் உள்ளவர்களுக்குக் கால் பெருவிரல் வீங்கி நெருப்பாய் வலிக்கலாம். 'நல்லதுதானே' என்று இளநீர் விரதம் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு அதிலுள்ள பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குலைக்கலாம். பசி தெரியாமல் இருக்க ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் ஆபத்து. உப்பு உள்ளே போகாதபோது ரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய்க் குழப்பம், வலிப்பு வரை போகும்.

விரதம் முடியும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களில் இருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், பட்டினியைத் தாங்கிப் பிழைத்துவிட்டு, வயிறார உணவு கிடைத்த பிறகு இறந்துபோனார்கள். மருத்துவர்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் அதன் காரணம் தெளிவானது. 'ரீஃபீடிங் சிண்ட்ரோம்' என்று பெயர்.

பட்டினியில் உடம்பின் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம், வைட்டமின் பி1 ஆகியவற்றின் இருப்பு மெதுவாகக் குறைந்துகொண்டே வரும். ரத்தத்தில் அளந்தால் சரியாகவே தெரியும், ஏனென்றால் செல்களுக்குள் இருப்பது வெளியே கசிந்து ஈடுகட்டும். திடீரென்று ஒரு தட்டு சோறும் பாயசமும் உள்ளே போனால் இன்சுலின் சீறி எழும். செல்கள் குளுக்கோஸோடு இந்த உப்புகளையும் அள்ளிக்கொள்ளும். ரத்தத்தில் அவை சட்டென்று வற்றும். இதயம் தாளம் தப்பும், மூச்சுத் தசைகள் தளரும், கை கால் வீங்கும்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் வழக்கமான தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு மருத்துவமனைகளுக்கு வகுத்த வழிகாட்டுதல். பத்து நாளைத் தாண்டினாலோ, பிஎம்ஐ 16க்குக் கீழே இருந்தாலோ அது அதிக ஆபத்துப் பிரிவு. ஆறு நாள் தண்ணீர் விரதம் இருந்துவிட்டு, சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு, வடை பாயசத்தோடு வாழையிலையில் உட்காருபவர் இந்தக் கோட்டைத் தாண்டியவர். நல்ல உடல்நிலையில் இருக்கும் பலருக்கு வயிற்றுப் பொருமலோடு போய்விடும். ஏற்கெனவே மெலிந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர், நீர் பிரியும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஆகியோருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் 'பாரணை' என்று விரதம் முடிப்பதற்கே தனி நேரமும் முறையும் வைத்திருந்தார்கள். சமூக வலைதளங்களின் புது விரதக்காரர்கள் அதைத்தான் கழற்றிவிட்டார்கள். 'ஃபாஸ்ட் முடிஞ்சது' என்று பிரியாணி பார்சலைப் பிரிக்கும் வீடியோக்களே அதிகம்.

விரதத்துக்கு ஆதரவாக அடிக்கடி இழுக்கப்படுபவர் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி. 1965இல் தொடங்கி 382 நாட்கள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவில் இருந்து 82 கிலோவுக்கு வந்தார். 1973இல் மருத்துவ இதழில் பதிவான உண்மைச் சம்பவம். ஆனால் அவர் தொடங்கியபோது 207 கிலோ. செலவழிக்க அவ்வளவு சேமிப்பு இருந்தது. டண்டீ மருத்துவமனை தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பார்த்தது, வைட்டமின்களும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் கொடுத்தது. அதே காலத்தில் இதே முறையில் எடை குறைக்க முயன்று மருத்துவமனையிலேயே இறந்தவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். யூடியூபில் அவர்கள் கிடையாது. மெல்ல மெல்ல மருத்துவர்களே அந்த சிகிச்சையைக் கைவிட்டார்கள்.

பாட்டியின் பால் பழம்

சஷ்டி விரத வகைகளில் 'லேசானது' என்று இளக்காரமாகப் பார்க்கப்படும் பால் பழ விரதத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. நாலு டம்ளர் பால், நாலு வாழைப்பழம் என்றால் ஏறக்குறைய 900 கலோரி, 30 கிராம் புரதம். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் கொடுத்தது ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி. அவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு கழித்து மாத்திரையே இல்லாமல் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். அங்கே கொடுத்தது புரதமும் வைட்டமினும் அளந்து சேர்த்த பானம், சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே மருத்துவர்கள் நிறுத்தினார்கள். வாழைப்பழத்தை அதற்குச் சமம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முழுப் பட்டினிக்குப் போகாமலே பெரிய மாற்றம் சாத்தியம் என்பதற்கும், தசையைக் காப்பாற்றக் கொஞ்சமாவது புரதம் உள்ளே போகும் விரதம் வெறும் தண்ணீரைவிட மேல் என்பதற்கும் இது போதுமான காரணம்.

மாத்திரை எதுவும் எடுக்காத, ஒல்லியாக இல்லாத, ஆரோக்கியமான நடுத்தர வயதுக்காரர் ஒரு முறை இரண்டு மூன்று நாள் தண்ணீர் விரதம் இருந்து பார்ப்பதில் பெரிய விபரீதம் நடக்க வாய்ப்பு குறைவு. சாப்பாட்டுக்கும் மனசுக்கும் உள்ள உறவு அப்போது புரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதை எந்தத் தராசாலும் மறுக்க முடியாது. அதற்கு மேல் நீட்டினால் முன்கூட்டியே சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனையும் மருத்துவரின் ஒப்புதலும் தேவை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், பிஎம்ஐ 18.5க்குக் கீழே உள்ளவர்கள், சாப்பாட்டை வெறுக்கும் அல்லது வாந்தியெடுத்து வெளியேற்றும் கோளாறு ஒருகாலத்தில் இருந்தவர்கள் முயலக் கூடாது. நெஞ்சு படபடப்பு, மயக்கம், நிற்காத வாந்தி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் விரதத்தை முடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முடிக்கும் நாளில் அரை டம்ளர் கஞ்சி அல்லது நீர்மோர், சில மணி நேரம் கழித்துக் குழைந்த பருப்பு சாதம் கொஞ்சம், மறுநாள் பாதி வயிறு, மூன்றாம் நாள் வழக்கமான சாப்பாடு. எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள், விரதம் முடிந்த அன்று தராசில் ஏறாமல் இரண்டு வாரம் கழித்து ஏறினால் சரியான எண் கிடைக்கும்.